உங்களுக்குத் தெரியுமா? வெற்றிலைத் தட்டம் முதல் காட்டு யானை வரை: புற்றுநோய்ப் புதினங்கள்!

எங்கள் வன்னியின் பூவரசங்குளத்தில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே வெற்றிலைத் தட்டம்! வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று நாலு சாமான். இந்த நாலில் எத்தனை, 'புற்றுநோய் தருவது உறுதி' என்ற சர்வதேசப் பட்டியலில் இருக்கின்றன? புகையிலை மட்டும் என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? பிழை! பாக்கும் இருக்கிறது!

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003 இல் கூடிப் பாக்கை 'உறுதி' என்ற முதலாம் பிரிவில் தூக்கி வைத்தது. புகையிலையே சேர்க்காத வெற்றிலைக் கூட்டுக்கும் அதே இடம்! "நான் பொயிலை போடுறதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று சொல்லும் அப்பாச்சிமாருக்கு இதை இன்றைக்கே வாசித்துக் காட்டுங்கள்!

அந்த முதலாம் பிரிவில் பாக்கோடு கூட இருப்பவை எவை? சிகரெட் புகை, அஸ்பெஸ்டஸ், மதுசாரம், புளுட்டோனியம்! ஆபத்தின் அளவு ஆளுக்காள் வேறு. ஆனால் நிரூபணம் எல்லோருக்கும் ஒன்றே!

பாக்குச் சப்புகிறவர்கள் உலகில் எத்தனை பேர்? ஏறக்குறைய 60 கோடி! புகையிலை, மது, தேநீர்-கோப்பிக்கு அடுத்ததாக மனிதரை மயக்கும் நாலாவது பொருள் இதுதான்!

2022 ஆம் ஆண்டு உலகில் வாய்ப்புற்றுநோய் வந்தவர்கள் ஏறக்குறைய 389,800 பேர். அதில் 120,200 பேருக்கு அது சப்பும் புகையிலையாலும் பாக்காலும் வந்தது! இலங்கையின் பங்கு மட்டும் 1,300! ஒரே ஆண்டில்! வாயில் போடாமல் இருந்திருந்தால் வந்தே இருக்காத 1,300!

உலக ஆண்களில் முன்னுக்கு நிற்பது நுரையீரல் புற்றுநோய். இலங்கை ஆண்களில்? வாய்ப்புற்றுநோய்! உடம்புக்குள் ஒளிந்திருக்கும் ஈரலும் இல்லை, குடலும் இல்லை. ஒரு கண்ணாடியும் ஒரு ரோர்ச்சும் இருந்தால் வீட்டிலேயே தெரியக்கூடிய இடம்! அந்த இடம் முதலிடத்துக்கு வந்திருக்கிறது என்பதுதான் எங்களுக்கு நெஞ்சைச் சுடுகிற விஷயம்!

இப்போதே ஒரு சோதனை! வாயை நன்றாகத் திறவுங்கள். உங்கள் மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிமிர்த்தி முன்பற்களுக்கு நடுவே விடுங்கள். மூன்றும் போகிறதா? நல்லது! இரண்டுதான் போகிறதா? காரமான கறி பட்டதும் வாய் எரிகிறதா? கன்னத்தின் உட்பக்கம் நார் நாராக இறுகியிருக்கிறதா? பாக்கு அங்கே வேலையைத் தொடங்கியிருக்கலாம். அடுத்த நடை பல் வைத்தியரிடம்!

வாய்க்குள் வெள்ளைத் திட்டா, சிவப்புத் திட்டா, எது பொல்லாதது? பார்த்தால் சாதுவாகத் தெரியும் சிவப்பு! வெள்ளையில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை. சிவப்புத் திட்டை வெட்டிச் சோதித்தால் பெரும்பாலும் கலங்கள் அப்போதே கெடத் தொடங்கியிருக்கும்!

நோகிற புண்ணுக்குத்தான் நாங்கள் பயப்படுவோம். வாய்ப்புற்றுநோய் ஆரம்பத்தில் பலருக்கு நோகவே நோகாது! இரண்டு மூன்று கிழமை கடந்தும் ஆறாத புண், நோகாவிட்டாலும் காட்ட வேண்டிய புண்!

வாய்ப்புற்றுநோயைக் கண்டுபிடிக்கப் பெரிய வைத்தியர்தான் வேண்டுமா? 1984 இல் வெளிவந்த ஓர் ஆய்வைக் கேளுங்கள். நம் நாட்டின் மத்திய மாகாணம். மருத்துவமாது போன்ற ஆரம்பச் சுகாதார ஊழியர்கள் வெறும் 34 பேர். ஒரு வருடத்தில் அவர்கள் வாய் திறந்து பார்த்த கிராமத்தவர்கள் 28,295 பேர்! பிடித்த வாய்க் கோளாறுகள் 1,220! இந்த வித்தையை உலகுக்குக் காட்டியது எங்கள் சின்ன இலங்கை! உலகச் சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையே அதைப் பிரசுரித்தது!

கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கம் இதையே இன்னும் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். ஏறக்குறைய 190,000 பேர்! பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற சாதாரண இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். வெளிச்சம் அடித்து வாயைப் பார்ப்பது மட்டுமே வேலை. புகைக்கிறவர்கள், சப்புகிறவர்கள், குடிக்கிறவர்கள் நடுவே வாய்ப்புற்றுநோய்ச் சாவு 34 வீதம் குறைந்தது! மருந்து இல்லை, இயந்திரம் இல்லை!

யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலம் கப்பலேறித் திருவிதாங்கூருக்குப் போனது தெரியும்தானே? அதே திருவிதாங்கூரில், நெய்யூர் மிஷன் வைத்தியசாலையில் இருந்த 'ஓர்' (Orr) என்ற பெயருடைய வைத்தியர், வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்றுநோயைப் பற்றி 1933 இலேயே லான்செற் சஞ்சிகையில் எழுதிவிட்டார்! அந்த நெய்யூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.

அதே நெய்யூர் வைத்தியசாலையில் கத்தி பிடித்த இன்னொருவர் யார்? சொமர்வெல்! 1924 இல் ஒட்சிசன் இல்லாமலே எவரெஸ்டில் 28,000 அடியை எட்டிய மலையேறி! மலையை விட்டு இறங்கி வந்து தமிழ் ஏழைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்தார்!

சிகரெட்டும் மதுவும் தனித்தனியே வாயைக் கெடுக்கும். இரண்டையும் கடுமையாகப் பாவித்தால்? கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல்! இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட 35 மடங்கு ஆபத்து!

சிகரெட்டை விட்டால் என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு: 5 வருடத்தில் வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகிறது! 10 வருடத்தில் நுரையீரலுக்கும் அப்படியே!

விட முடியவில்லையா? 1948 என்ற இலக்கத்தை அழுத்துங்கள். நாடு சுதந்திரம் அடைந்த ஆண்டையே புகைத்தலில் இருந்து சுதந்திரம் பெறும் தொலைபேசி இலக்கமாக வைத்திருக்கிறார்கள்! என்ன அருமையான யோசனை!

இனிப் பெண்களுக்கு! சமையலறையில் இருக்கும் வினாகிரி ஓர் உயிரைக் காப்பாற்றுமா? காப்பாற்றியிருக்கிறது! ஓர் உயிரை அல்ல, ஒரு மாவட்டத்தில் பல உயிர்களை!

இடம் தமிழ்நாட்டின் திண்டுக்கல். 2000 ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு. 30 முதல் 59 வயது வரையான பெண்கள். பயிற்சி பெற்ற தாதி, ஐதாக்கிய அசற்றிக் அமிலத்தை, அதாவது வினாகிரியின் சாரத்தை, பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பைக் கழுத்தில் பூசுவார். ஒரு நிமிடம் பொறுப்பார். கெட்ட கலங்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாக மாறும். கண்ணாலேயே தெரியும்! அப்படி வெள்ளை தெரிந்த பெண்களுக்கு, கெட்ட கலங்களை உறையவைத்து அழிக்கும் சிகிச்சை. அதையும் தாதியே செய்தார்!

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை செய்த இந்தச் சோதனையால் என்ன நடந்தது? கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் வருவது 25 வீதம் குறைந்தது! அதனால் வரும் சாவு 35 வீதம் குறைந்தது! ஆய்வுகூடம் கிடையாது, நுணுக்குக்காட்டி கிடையாது, பல நாள் காத்திருப்பும் கிடையாது! லட்சக்கணக்கில் செலவழிக்கும் நாடுகள் மூக்கில் விரல் வைத்த கதை இது. எங்கள் தமிழ்ப் பெண்கள் நடுவே நடந்தது!

பப் பரிசோதனைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? ஜோர்ஜ் பபனிக்கொலா என்ற கிரேக்க வைத்தியரின் பெயரின் சுருக்கம்தான் பப்! அவருடைய மனைவி மேரி, வருடக்கணக்காக நாள் தவறாமல் தன்னையே சோதனைக்குக் கொடுத்தார். உலகம் கணவரின் பெயரை வைத்தது. பாதிப் புகழ் மனைவிக்கு என்பது எங்கள் தீர்ப்பு!

கர்ப்பப்பைக் கழுத்தில் கலம் கெடத் தொடங்கிய நாளுக்கும் அது புற்றாகும் நாளுக்கும் இடையில் எவ்வளவு காலம்? வழமையாக 15 முதல் 20 வருடம்! 35 வயதில் செய்யும் சோதனை, 50 வயதில் வரவிருந்த வருத்தத்தைப் பிடிக்கிறது!

அந்தப் புற்றுக்குக் காரணம் ஒரு வைரசு என்று ஜேர்மன் விஞ்ஞானி ஹரால்ட் ட்ஸூர் ஹவுசன் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1983 இல் மனித பபிலோமா வைரசின் 16 ஆம் வகையைக் கண்டுபிடித்தார். நோபெல் பரிசு 2008 இல் கையில்! 25 வருடக் காத்திருப்பு!

அந்த வைரசுக்கு எதிரான தடுப்பூசி பூவரசங்குளத்துப் பள்ளிக்கூடத்துக்கே வருகிறது! இலங்கையில் 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு இலவசம். ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 10, 11 வயதில் கையில் குத்துவது, 40, 50 வயதில் வரக்கூடிய புற்றுநோயை இன்றைக்கே தடுக்கிறது!

ஸ்கொட்லாந்தில் 12, 13 வயதில் இந்த ஊசி போட்ட பெண்களைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். அவர்களில் ஊடுருவும் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் வந்தவர்கள் எத்தனை பேர்? பூச்சியம்! 2024 இல் வந்த முடிவு. பூச்சியம்!

புற்றுநோய்க்கு எதிராக மனிதன் கண்ட முதல் தடுப்பூசி அதுவா? இல்லை! ஹெபற்றைற்றிஸ் பி தடுப்பூசி! ஈரல் புற்றுநோயைத் தடுக்கிறது. இலங்கைக் குழந்தைகளுக்கு 2003 முதல் போடுகிறார்கள். உங்கள் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்!

1960 இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 100,000 வான்கோழிகள் மடமடவென்று செத்து விழுந்தன! வருத்தத்தின் பெயர் தெரியவில்லை, 'எக்ஸ்' என்றே எழுதிவைத்தார்கள். குற்றவாளி யார்? தீனியில் கலந்திருந்த பூஞ்சணம் பிடித்த கச்சான்! அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சுதான் அஃப்லடொக்சின். ஈரல் புற்றுநோய்க்கு உறுதியான காரணி, அதே முதலாம் பிரிவு!

வன்னியில் கச்சான் போடுகிறவர்களே, கேளுங்கள்! வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. அவித்தாலும் போகாது! பிடுங்கியதும் நன்றாகக் காயவையுங்கள். ஈரச் சாக்கில் கட்டி வைக்காதீர்கள். சுருங்கியது, நிறம் மாறியது, கைத்தது எதுவானாலும் துப்பிவிடுங்கள், பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்!

ஷாங்காய் நகரில் 1990களில் கணக்குப் பார்த்தார்கள். அஃப்லடொக்சின் மட்டும் உடம்பில் ஏறியவர்களுக்கு ஈரல் புற்றுநோய் ஆபத்து 3 மடங்கு. ஹெபற்றைற்றிஸ் பி மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு? 10 மடங்கா? 21 மடங்கா? 59 மடங்கு!

கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி குடிப்பவரா நீங்கள்? 65 பாகை செல்சியசுக்கு மேல் சூடான எந்தப் பானமும் களப் (உணவுக்குழாய்ப்) புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அதே புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016 இல் கூடி அறிவித்தது. தேயிலைக்குக் குற்றமில்லை, சூட்டுக்குத்தான் குற்றம்! கொஞ்சம் ஆறட்டும்!

அதே கூட்டத்தில் கோப்பிக்கு விடுதலை! 1991 முதல் சந்தேகப் பட்டியலில் நின்ற கோப்பியை 25 வருடம் கழித்துக் கீழே இறக்கிவிட்டார்கள்!

இரவில் வயலுக்குள் இறங்கி எங்கள் நெல்லையும் வாழையையும் துவம்சம் செய்யும் யானை இருக்கிறதே, அதன் உடம்பில் எங்களை விட ஏறக்குறைய 100 மடங்கு கலங்கள்! கலம் கூடினால் புற்றுநோயும் கூட வேண்டும்தானே? இல்லை! யானைகளில் புற்றுநோயால் சாவது 5 வீதத்துக்கும் குறைவு. மனிதரில் அது 11 முதல் 25 வீதம் வரை!

இரகசியம் என்ன? கெட்டுப்போன கலத்தைப் பிடித்துச் சாகடிக்கும் காவல் மரபணு ஒன்று இருக்கிறது. பெயர் பி53. மனிதரிடம் அது 2 பிரதி. யானையிடம் 40! 2015 இல் கண்டுபிடித்தார்கள். யானை வெடி கொளுத்தி நாங்கள் விரட்டும் அந்தச் சீவனைப் பார்த்துத்தான் விஞ்ஞானிகள் புற்றுநோய்ப் பாடம் படிக்கிறார்கள்!

புற்றுநோய் இந்தக் காலத்து வருத்தம் என்று நினைத்தீர்களா? ஏறக்குறைய 7 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டைனோசர் ஒன்றின் கால் எலும்பில் புற்று! 2020 இல் உறுதிசெய்தார்கள்!

1775 இல் இலண்டனில் பேர்சிவல் பொற் என்ற வைத்தியர், புகைபோக்கி துப்பரவாக்கும் ஆட்களுக்கு விதைப்பையில் புற்று வருவதைக் கண்டார். கரிதான் காரணம் என்றார். தொழிலால் புற்றுநோய் வரும் என்று உலகம் முதன்முதல் அறிந்தது அன்றுதான்!

உங்கள் வீட்டுக் கூரையில் அஸ்பெஸ்டஸ் சீற்றா? சும்மா கிடக்கும் சீற்றை விட, வாளால் அறுக்கும் சீற்றும் உடைத்து நொருக்கும் சீற்றும்தான் பொல்லாதவை! பறக்கும் தூசு நுரையீரலில் தங்கும். 30, 40 வருடம் கழித்தும் புற்றாக வெளிப்படும்! அறுக்கத்தான் வேண்டுமென்றால் நனைத்துவிட்டு அறுங்கள், மூக்கு வாயை மூடுங்கள், பிள்ளைகளைத் தூர விடுங்கள்!

வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமும் காரணம் என்று உலகமே நம்பிய காலம். அவுஸ்திரேலிய வைத்தியர் பாரி மார்ஷல் 1984 இல் ஒரு கோப்பை பற்றீரியாவை மடக்கென்று குடித்தார்! சில நாளில் வயிற்று அழற்சி! கிருமிதான் காரணம் எனத் தான் சொன்னது சரி என்று தன் வயிற்றாலேயே நிரூபித்தார். அதே கிருமிதான் வயிற்றுப் புற்றுநோய்க்கும் காரணம். 2005 இல் நோபெல் பரிசு!

ஒரு சென்ரிமீற்றர் கட்டி. எங்கள் கச்சான் பருப்பளவு. அதற்குள் எத்தனை கலங்கள்? ஏறக்குறைய 100 கோடி! கையில் தட்டுப்படும் நேரத்துக்கு அது 30 தடவை இரட்டித்து முடிந்திருக்கும்!

மார்புப் புற்றுநோய் ஆண்களுக்கும் வரும்! நூறில் ஒன்று ஆணுக்கு! வெட்கப்பட்டு மறைக்கும் ஆண்களே பிந்திப் போகிறார்கள்.

20 வயது கடந்த பெண்கள் மாதம் ஒரு தடவை தங்கள் மார்பைத் தாங்களே சோதிக்க வேண்டும். மாதவிடாய் முடிந்த கையோடு செய்வது நல்லது. கட்டி மட்டும்தான் அறிகுறியா? இல்லை! தோல் சுருங்குவது, காம்பு உள்ளே இழுபடுவது, காம்பால் இரத்தம் கசிவது எல்லாம் காட்டவேண்டியவை! மார்பை விட்டு வெளியே பரவ முன் பிடித்தால் 100 பேரில் 99 பேர் 5 வருடங்களைத் தாண்டுகிறார்கள் என்கிறது அமெரிக்கக் கணக்கு!

முற்றத்தில் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூ, அதுதான் நித்தியகல்யாணி, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தருகிறது! வின்கிறிஸ்ரின் என்ற மருந்து அதன் சாற்றில் இருந்து பிரித்தது. ஒரு எச்சரிக்கை: அவித்துக் குடித்தால் நஞ்சு! அது வைத்தியசாலையில் ஊசியாக ஏற்றவேண்டிய சாமான்!

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 இல் எத்தனை கட்டிலோடு தொடங்கியது? 12! தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் போராடி எழுப்பியது. அங்கே அடுத்த ஆண்டு சேர்ந்த சாந்தா அம்மையார் 2021 இல் கண் மூடும்வரை அந்த வளவை விட்டு நகரவில்லை!

எங்கள் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எப்படி எழும்பியது? நடந்து! 2011 இல் தென்கோடி தெவிநுவரையில் இருந்து வடகோடி பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர். 27 நாள் நடை! தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கூடி நடந்தார்கள், கிரிக்கெற் வீரர்களும் நடந்தார்கள். சேர்ந்த காசு 20 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல்! அதற்கு முன் எத்தனையோ வன்னிக் குடும்பங்கள் மஹரகமப் புற்றுநோய் வைத்தியசாலை வரை 250 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் நோயாளியை மடியில் சாய்த்துக்கொண்டு போனார்கள்.

புற்றுநோய்களில் எத்தனை வீதம் தடுக்கக்கூடியவை? உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு: 30 முதல் 50 வீதம் வரை! கூடினால் பாதி!

சோதனைக்கு எவ்வளவு செலவு? ஒரு சதமும் இல்லை! சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பெண்கள் நலக் கிளினிக் 1996 முதல் இலங்கை முழுவதும் நடக்கிறது. ஒரே போக்கில் பிறசர், சீனி, மார்பு, பப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிடுவார்கள். வருத்தம் வந்தவர்களுக்காக நடக்கும் கிளினிக் இல்லை இது. சுகமாக இருக்கிறவர்களுக்காகவே நடக்கிறது!

ஆண்களும் விடுபடவில்லை! 35 வயது கடந்த எவருக்கும் அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள். சீனி, பிறசரோடு வாயையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாயைத் திறக்க உங்களுக்கு ஒரு நிமிடம், பார்க்க அவர்களுக்கு இரண்டு நிமிடம்!

பப் பரிசோதனைக்கு அரசு குறித்து வைத்திருக்கும் வயதுகள் இரண்டு: 35, 45. பூவரசங்குளத்துத் தங்கச்சிமாரே, அக்காமாரே, இந்த வருடம் உங்களில் யாருக்கு 35? யாருக்கு 45? உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவைக் கண்டால் அடுத்த கிளினிக் என்றைக்கு என்று கேட்டுத் திகதியைக் கலண்டரில் வட்டம் போடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்!